ரியாத் மலையில் சிப்பி கிடக்கிறது, ஏற்காட்டிலும் கிடைக்குமா?

ரியாத்தில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. லீவு நாளில் நண்பர்களோடு 'உலகத்தின் விளிம்பு' என்று எல்லோரும் சொல்லும் செங்குத்துப் பாறையைப் பார்க்கப் போயிருக்கிறார். பாறை முழுக்க அடுக்கடுக்காக இருந்தது. காலடியில் சிப்பி போன்ற கல்லும், நட்சத்திரக் கோடு போட்ட ஒரு கல்லும் கிடந்தன. ஊருக்கு வந்தபோது ஏற்காடு மலைப்பாதையில், ரோட்டுக்காக வெட்டிய பாறையிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகளைப் பார்த்திருக்கிறார். "ரெண்டும் ஒரே மாதிரி அடுக்குதானே? அப்போ ஏற்காடும் ஒரு காலத்தில் கடலடியில் இருந்ததா? சேர்வராயன் மலையில் தேடினால் சிப்பி கிடைக்குமா?" என்று மூன்று படங்களோடு கேட்கிறார்.

கேட்பது மூன்று கேள்வி என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பாறையில் கோடு தெரிந்தால், அது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கா, வேறு வழியில் வந்த கோடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இது தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரியாத்தில் நீங்கள் நின்ற இடம் கடலடியாக இருந்தது; அதில் சந்தேகமே இல்லை. ஏற்காட்டுப் பாறையில் பார்த்தது படிந்த அடுக்கு இல்லை, அந்த மலையில் சிப்பி கிடைக்காது. ஆனால் சேலத்திலேயே கடலடியில் படிந்த பாறை உள்ள மலை ஒன்று இருக்கிறது. அது ஏற்காடு பக்கம் இல்லை, அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஜியாலஜி படித்துவிட்டு சேலம் வட்டாரத்துச் சுரங்கங்களில் வேலை பார்த்தவன். கருங்கல்லும் வெள்ளைக்கல்லும்தான் என் தொழில். புதைபடிவங்களைப் பொறுத்தவரை இது பவளம், இது சிப்பி என்று இனம் சொல்லும் அளவுக்குத் தெரியுமே தவிர, சிற்றினம் வரைக்கும் பெயர் சொல்வது அதையே படித்தவர்களின் வேலை.

நீங்கள் நின்ற பாறை துவைக் மலைத்தொடரின் ஒரு நுனி. அது வடக்குத் தெற்காகச் சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. மேற்குப் பக்கம் சுவராக நிற்கும். கிழக்குப் பக்கம் தெரியாத அளவுக்கு மெல்லச் சரிந்து போகும். அடுக்குகளே கிழக்குப் பார்த்து ஒரு டிகிரி அளவுக்குச் சாய்ந்திருப்பதுதான் காரணம். மேலே தெரியும் கெட்டியான பாறை சுண்ணாம்புக்கல். வயது சுமார் 16 கோடி ஆண்டு, ஜுராசிக் காலம். அப்போது அரேபியாவின் அந்தப் பகுதி வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். பவளமும் சிப்பியும் செத்துச் செத்து விழ, சுண்ணாம்புச் சேறு அவற்றின் மேல் படிந்து இறுகியதுதான் நீங்கள் மிதித்த கல். இதே அடுக்குகள் கிழக்கே போகப்போகத் தரைக்கடியில் இறங்குகின்றன. சவூதியின் கவார் எண்ணெய் வயலுக்கு எண்ணெய் ஊறிய மூலப் பாறைகளில் இந்தத் துவைக் சுண்ணாம்புக்கல்லும் ஒன்று. சவூதி எண்ணெயின் கதை, நீங்கள் படம் எடுத்துக்கொண்ட அந்த விளிம்பில் வெளியே தெரிகிறது என்றே சொல்லலாம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். பாலைவனத்தில் இருப்பதால் அது பாலைவனத்தில் உண்டான பாறை என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பாறை உண்டானபோது அங்கே பாலைவனம் கிடையாது. பாலைவனம் செய்த வேலை, அடுக்கை மூடாமல் விட்டதுதான். மழை குறைவு, அதனால் மண் போர்வை இல்லை, மரம் செடி இல்லை, பாறையின் எலும்பு வரைக்கும் வெளியே தெரிகிறது. கெட்டியான சுண்ணாம்புக்கல் சுவராக நிற்கும். அதற்கு அடியிலுள்ள களிமண் கலந்த மென்மையான அடுக்கு சரிவாகக் கரையும். அடி கரைந்ததும் மேலே நிற்பது பிளந்து விழும். அதனால்தான் அந்த மலை படிக்கட்டுப் போலத் தெரிகிறது. பள்ளத்தாக்குகளை வெட்டியதும் காற்று இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான். இப்போதும் எப்போதாவது கொட்டும் மழை, வாடி என்று அங்கே சொல்லும் வறண்ட ஆற்றுப்பள்ளங்களில் வெள்ளமாகப் பாய்கிறது. சுமார் 10,000 ஆண்டுக்கு முன்பிலிருந்து 6,000 ஆண்டுக்கு முன்பு வரை அரேபியாவில் இன்றைவிட மழை நன்றாகவே பெய்தது, ஏரிகளும் இருந்தன. அதற்கு முன்பும் இப்படி ஈரமான காலங்கள் வந்து போயிருக்கின்றன.

பாலைவனத்திலேயே உண்டான பாறைகளும் உலகில் உண்டு. மணல்மேடு மேல் மணல்மேடாகப் படிந்து கல்லானவை அவை. அவற்றில் பெரிய அடுக்குக்குள்ளே சாய்வான சின்னக் கோடுகள் வரிசையாக ஓடும். மணல்மேட்டின் சரிவான முதுகில் மணல் உருண்டு விழுந்த தடம் அது. சாய்வு எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் அன்றைக்குக் காற்று வீசியது. அமெரிக்காவின் நவாஹோ மணற்கல் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். சவூதியில் ஊர் சுற்றும்போது மணற்கல் சுவர் எதையாவது பார்த்தால் இந்தச் சாய்கோட்டைத் தேடுங்கள். ஆற்று மணலிலும் இது வரும், ஆனால் பொதுவாகச் சின்ன அளவில். ஆள் உயரத்துக்கு மேல் ஒரே சாய்வில் ஓடினால் காற்று வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது.

அப்புறம், 'ஓர் அடுக்கு எத்தனை வருஷம்?' என்று இந்தக் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். கணக்குப் போட முடியாது. அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்பது 1669-இல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ சொன்ன விதி. துவைக் போல மடங்காமல் கிடக்கும் இடத்தில் அது அப்படியே பொருந்தும். ஆனால் ஒரு மீட்டர் கனமுள்ள அடுக்கு ஒரே புயலில் கொட்டியதாக இருக்கலாம். அதற்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய கோட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மறைந்திருக்கலாம். கல்லில் பதிவான காலத்தைவிட, பதிவாகாமல் போன காலமே பெரும்பாலும் அதிகம்.

உங்கள் இரண்டாவது படத்தில் உள்ள நட்சத்திரக் கல் பவளமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலிருந்தும் மெல்லிய சுவர்கள் வெளிப்பக்கமாகப் பிரிகின்றன. எல்லா வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. பக்கத்து வட்டத்தோடு ஒட்டி நிற்கின்றன. தற்செயலாகக் கல்லில் விழும் கோடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆனால் படத்தில் அளவு தெரியவில்லை. அடுத்த முறை பக்கத்தில் ஒரு ரியால் நாணயத்தை வைத்து எடுங்கள், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புக்கல்லைப் பிளந்தால் உள்ளே கறுப்பாக, பெரணிச் செடி பதிந்ததைப் போன்ற வடிவம் சில சமயம் தெரியும். அது செடி இல்லை. விரிசல் வழியே ஊறிய மாங்கனீசுத் தண்ணீர் விட்டுப்போன கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: இலையில் இருப்பதுபோல நரம்பு இருக்காது, கனம் இருக்காது, விரிசலின் பரப்பை விட்டு அது கல்லுக்குள் போகாது.

இனி ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் அந்தப் பாதையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருங்கல்லும், நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறையும். புதிதாக உடைத்த சார்னோகைட் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவிய பளபளப்போடு இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த இனம்தான். இந்தப் பாறைகள் 250 கோடி ஆண்டுக்கு முன்பு, பூமிக்கு அடியில் 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி சூட்டில் வெந்தவை. உருகிக் குழம்பாகிவிடாமல், பெரும்பாலும் கெட்டியாகவே இருந்தபடி நசுங்கி, இழுபட்டு, மடங்கியவை. அப்போது கறுப்புத் தாதுக்கள் ஒரு வரியாகவும் வெள்ளைத் தாதுக்கள் ஒரு வரியாகவும் பிரிந்தன. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி, மடித்து, சுருட்டி, அழுத்துகிறாரே, அந்த அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததில் வரவில்லை, இழுத்து மடித்ததில் வந்தது. ஏற்காட்டுக் கோடும் அப்படி வந்ததுதான். அதில் 'அடியில் மூத்தது, மேலே இளையது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, நேரில் நிற்கும்போது எப்படிப் பிரித்தறிவது? முதலில் ஒரே கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். துவைக்கில் ஓர் அடுக்கு கிலோமீட்டர் கணக்கில் அதே கனத்தில் ஓடும். ஏற்காட்டுக் கோடு சில அடியிலேயே மெலிந்து போகும், வீங்கும், கொக்கியாக வளைந்து திரும்பும், இல்லையென்றால் காணாமலே போய்விடும். அடுத்து லென்ஸ் வைத்து மணியைப் பாருங்கள். மணற்கல்லில் உருண்டையான மணி, நடுவில் அதை ஒட்டும் சாந்து. சுண்ணாம்புக்கல்லில் சிப்பித்தூளும் சேறும். நைஸில் படிகங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். சில இடத்தில் மிளகு அளவில் கார்னெட் என்ற சிவப்புத் தாது தெரியும். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டால், இந்தக் கல் ஆழத்தில் வெந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்றாவதாக, கொஞ்சம் கல்லைப் பொடித்து வினிகர் விடுங்கள். சுண்ணாம்புக்கல் பொங்கும், சார்னோகைட் பொங்காது. சேலம் சமவெளியில் பாறை மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் சுக்கான்கல்லும் பொங்கும். அதைக் கடல் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணிலிருந்து ஊறி வந்த தண்ணீர் காய்ந்தபோது விட்டுப்போன சுண்ணாம்பு அது.

சிப்பி கிடைக்காது என்று அடித்துச் சொல்வதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் எந்த ஓடும் உருவத்தோடு தப்பாது. அதைவிடப் பெரிய காரணம், 250 கோடி ஆண்டுக்கு முன்பு உலகில் சிப்பியே கிடையாது. இருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். ஓடு கட்டும் உயிர்கள் வந்தது சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன்புதான்.

மலையில் ஏறும்போது வேறு சில 'அடுக்குகளும்' உங்களைக் குழப்பும். பாறை உருண்டைகள் தோல் தோலாக உரிந்து நிற்கும். விரிசல் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, உள்ளே உருண்டையை மிச்சம் வைத்ததால் வந்தது அது. மேலே சேர்வராயன் கோயில் இருக்கும் தட்டையான உச்சிக்குப் போனால் இன்னொன்று. அங்கே மேலே செம்பழுப்பாகக் கெட்டியான பாக்சைட் என்ற அலுமினியத் தாது, அதற்கடியில் வெளுத்த களிமண், அதற்கடியில் பாதி மக்கிய பாறை, அதற்கும் அடியில் நல்ல சார்னோகைட் என்று வரிசையாக இருக்கும். பார்ப்பதற்கு அசல் அடுக்குப் பாறைதான். ஆனால் எதுவும் வெளியிலிருந்து வந்து படியவில்லை. ஒரே பாறை, நீண்ட காலம் பெய்த மழை மேலிருந்து கீழே ஊறி ஊறி, கரையக்கூடியதை எல்லாம் கொண்டுபோக, பெரும்பாலும் அலுமினியமும் இரும்பும் மேலே தங்கிவிட்டன. ஸ்டெனோவின் விதி இங்கே தலைகீழ். மேல் பகுதிதான் முதலில் மாறியது, கீழ்ப் பகுதி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் போகும்போது வெள்ளைக்கல் சுரங்கத்தின் வெட்டுச் சுவரையும் பாருங்கள். கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளைக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னியிருக்கும். படிந்த அடுக்கு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகாது. ஒரு கோடு இன்னொன்றை வெட்டினால் அது விரிசலை நிரப்பிய நரம்பு. வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. மக்னீசியம் நிறைந்த பாறையில் கரியமில வாயு கலந்த தண்ணீர் புகுந்ததால் உண்டான மேக்னசைட் அது. உங்களுக்குப் பக்கத்தில் ஓமான் மலைகளிலும் இதே வகைப் பாறையும் மேக்னசைட் நரம்புகளும் இருக்கின்றன. அங்கே போக வாய்த்தால் நம்ம ஊர் வெள்ளைக்கல்லை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த மலை, கஞ்சமலை. உருக்காலையின் பின்னால் நிற்கிறதே, அதேதான். அதன் சரிவுகளில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி, விரல் கனத்தில், சில இடத்தில் நூல் கனத்தில் வரிகள் ஓடும். கறுப்பு வரி மேக்னடைட் என்ற இரும்புத் தாது, வெளுப்பு வரி சிலிக்காவாலான படிகக்கல். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தால் கறுப்பு வரியில் டப்பென்று ஒட்டும். அடிவாரத்து ஓடை மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் முடிமுடியாக எழுந்து நிற்கும். 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய இரும்பு ஆலைக்குப் போனது சேலத்துத் தாதுதான். இந்த இரும்பும் சிலிக்காவும் பழங்காலக் கடல் தண்ணீரில் கரைந்திருந்து, பிறகு வண்டலாகக் கீழே இறங்கியவை. இந்த அளவுக்கு உறுதி. இரும்பை இறக்கியது நுண்ணுயிர்கள் விட்ட ஆக்சிஜனா, வேறு வேதிவினையா என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. இன்று தெரியும் ஒவ்வொரு வரியும் அன்று படிந்த வரிதானா என்றால், அதுவும் சந்தேகம்தான். அதுவும் வெந்து, மடங்கி, இழுபட்டிருக்கிறது. பொருள் கடலடியில் படிந்தது, இப்போதைய கோட்டில் பின்னால் வந்த மடிப்பின் கையும் இருக்கிறது. ஆக, 'சேலம் கடலடியில் இருந்ததா?' என்று கேட்டால், கஞ்சமலையின் அந்தப் பட்டைகள் அளவில் ஆமாம். அங்கேயும் சிப்பி மட்டும் கேட்காதீர்கள்.

25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று மலையுச்சியில் நிற்கிறது என்றால், அதன் தலைமேல் இருந்தது அத்தனையும் அரித்துப் போயாக வேண்டும். அப்படி மேற்கிலிருந்து அரித்து வந்த மண்ணில் ஒரு பங்குதான் பெரம்பலூர், அரியலூர் பக்கம், ஜுராசிக்குக்கு அடுத்ததான கிரெட்டேசியஸ் காலக் கடலில் போய்ப் படிந்தது. கடல் அந்தப் பக்கம் வரை வந்ததற்கு அத்தாட்சி ஏராளம். அந்தக் கடல் சேலம் வரைக்கும் வந்ததாகக் காட்ட ஒரு கல்லும் இல்லை.

அதனால் ஊருக்கு வரும்போது உண்மையான அடுக்கும் சிப்பியும் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காடு ஏறாதீர்கள், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூருக்கு வண்டியை விடுங்கள். காரை கிராமத்துப் பக்கம் புல் முளைக்காத செம்பழுப்புக் களிமண் மேடுகளும் ஓடைகளும் இருக்கின்றன. சவூதியிலிருந்து வந்த உங்களுக்கே பாலைவனம் என்று தோன்றும். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் சேறு அது. களிமண்ணுக்குள் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். அவை பின்னால் விரிசலில் வளர்ந்தவை, அவற்றை அடுக்காக எண்ண வேண்டாம். துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் கிடப்பவை பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த பாகம். சுருள் சுருளாக இருந்தால் அம்மோனைட், அதுவும் கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் ஓடுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சாத்தனூர். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். இப்போது அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். எதையும் எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் இல்லாத புதைபடிவத்துக்குப் படிப்பில் பாதி மதிப்புக்கூட கிடையாது. படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். துவைக்கில் கிடந்த பவளத்துக்கும் இதுதான்.

மழை பெய்த மறுநாள் காரைக்குப் போனால் களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மேடுகூட ஏற முடியாது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் சாய்ந்த வெயிலில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். துவைக்கில் விளிம்பில் நின்று படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அடியில் மென்மையான அடுக்கு கரைந்து, மேலே உள்ள கல் அந்தரத்தில் நிற்கும் பாறை அது. நீங்கள் நிற்கும் கல்லுக்குக் கீழே பிடிமானம் இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. வாடிக்குள் கூடாரம் போடுவதும் வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேட்டுப் பகுதியில் எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.

மூன்றாவது படம், கொண்டை ஊசி வளைவில் எடுத்தது, தூரத்திலிருந்து எடுத்ததால் நைஸ் என்பதற்கு மேல் அதில் சொல்ல முடியவில்லை. குப்பனூர் வழியாக இறங்கினால் அங்கேயும் வெட்டிய பாறைகள் இருக்கின்றன. புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்து, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். கார்னெட் இருக்கிறதா, கோடு எங்கே வளைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.